இரண்டாம் நடைமேடைக்கு ஒரு சரிவுப் பாதை

தூக்குவதற்கு ஆள் வந்ததும் சித்தி முதலில் கைப்பையை மடியில் வைத்துக்கொள்வாள். பிறகு துணியின் ஓரங்களை முழங்காலுக்கு அடியில் சொருகுவாள். வலது பக்கம் மட்டும் இன்னொரு தடவை. கடைசியாகக் கண்ணாடியைக் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொள்வாள். கண்ணாடி இல்லாவிட்டால், யார் பார்க்கிறார்கள் என்பது தெரியாது.

சித்திக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. அறை இரண்டாம் நடைமேடையில் இருந்தது. மேம்பாலப் படிகளை விட்டால் அங்கே போக வேறு வழி கிடையாது. காலையும் மாலையும் இரண்டு போர்ட்டர்கள் சக்கர நாற்காலியோடு தூக்கிப் போவார்கள்.

"என்ன ரேடியோக்கா, ராத்திரி பலமான சாப்பாடா?" என்று மூத்தவர் பாதிப் படியில் மூச்சு வாங்குவார்.

"உனக்கு வயசாகுதுன்னு சொல்லு. என் சோத்துல ஏன் கண்ணு வைக்கிற?"

ஒரு மழை நாளில் இளையவரின் கால் வழுக்கியது. யாருக்கும் அடியில்லை. அன்று சித்தி வீட்டுக்கு வந்து, யார் கையும் படாமல் ஒரு நாளாவது வேலைக்குப் போகணும் என்று அம்மாவிடம் சொன்னாள். வேறெதையும் அவள் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை.

பிறகு, நிலையத்தை வெளிநாட்டு உதவியோடு புதிதாகக் கட்ட இரண்டு அரசுகள் ஒப்பந்தம் போட்டன. உலக நாடுகள் ஒப்புக்கொண்ட வளர்ச்சி இலக்குகளோடு கட்டடம் ஒத்துப்போக வேண்டும், யாரும் விடுபடக் கூடாது என்பது பணம் கொடுத்தவர்களின் நிபந்தனை. அதனால் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்குச் சித்தியையும் கூப்பிட்டார்கள். மூத்த போர்ட்டர்தான் நாற்காலியைத் தள்ளிப் போனார். வெளிநாட்டிலிருந்து வந்த பெண் பொறியாளர் சித்தியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசினாராம். வரைபடத்தில் லிஃப்ட் இருந்தது. கரண்ட் போனால் நின்றுவிடும், சரிவுப் பாதை போடுங்கள் என்றாள் சித்தி. சொன்னபடியே போட்டார்கள்.

பாதை திறக்கும் சமயத்தில் மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு, இனி அறிவிப்பெல்லாம் கணினிதான், நீங்கள் ஓய்வில் போகலாம் என்றார்.

அம்மா கொதித்தாள். "வழியப் போட்டுக் குடுத்துட்டு வேலையப் பிடுங்கிட்டாங்களே, பாவிங்க." அந்த வெளிநாட்டம்மாவுக்கு எழுதச் சொல்லி நச்சரித்தாள்.

"விடுக்கா" என்றாள் சித்தி.

திறந்த அன்று நானும் போனேன். நாற்காலியை என்னைத் தொட விடவில்லை. பாதியில் நின்று கையை உதறிக்கொண்டாள், பிறகு மறுபடி உருட்டினாள். அறை பூட்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடி வழியே, மைக் இருந்த இடத்தில் மேசையில் ஒரு துளை தெரிந்தது. தலைக்கு மேல் இயந்திரக் குரல் ஒரு ரயிலை அறிவித்தது. முழுக்கக் கேட்டாள்.

"மூச்சே விடாம பேசுது பாரு" என்றாள். வந்த வழியே திரும்பினோம்.

அதன்பின் அவள் நிலையத்துக்குப் போகவில்லை. மறு வருஷம் இறந்துபோனாள். துக்கம் கேட்க வந்த மூத்த போர்ட்டரிடம் அம்மா, ஏமாற்றிவிட்டார்கள் என்று அழுதாள். அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"ஏமாத்தலம்மா. வீட்டுல சொல்லாதேன்னு ரேடியோக்காதான் சொன்னாங்க."

புது நிலையத்தில் அறிவிப்புக்கு ஆளே இருக்காது என்று அந்தக் கூட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே பொறியாளர் சொல்லிவிட்டாராம். அதைக் கேட்ட பிறகுதான் சித்தி சரிவுப் பாதை கேட்டிருக்கிறாள்.