வேர்வை படாத சட்டை

வெயிலில் ஓர் இஸ்திரிக்காரம்மா சுருண்டு விழுந்துவிட்டாராம். என்னோடு வேலை செய்பவருக்கு அவருடைய மச்சினி சொன்னது. மச்சினிக்கு யார் சொன்னார்களோ. எந்தத் தெரு, என்ன வயது, ஒன்றும் தெரியாது. ஊரில் என் அக்காவும் இஸ்திரிக்காரிதான்.

இஸ்திரிப் பெட்டியால் தெருவுக்கே அவள் பெட்டியக்கா. தகரக் கூரை, ஒரு மேஜை, அடங்காத வாய். அந்த மேஜையடியில் உட்கார்ந்துதான் நான் தமிழும் இங்கிலீஷும் படித்தேன். நான் அனுப்பிய மின்விசிறியை மூலையில் வைத்திருக்கிறாள், போட்டால் துணி பறக்கிறதாம். தண்ணீரும் குடிக்கமாட்டாள். கழிப்பறைக்குத் தெருக்கோடி பெட்ரோல் பங்குக்குப் போக வேண்டும். நான் புலம்பினால், உன் ஊரிலிருந்து ஒரு பாத்ரூம் அனுப்பி வை, குடம் குடமாகக் குடிக்கிறேன் என்பாள்.

அவளுக்கு வெயில் பயம் கிடையாது, வேர்வை பயம்தான். ஒரு சொட்டு விழுந்த வெள்ளைச் சட்டையை ஒருவர் அவள் முகத்தில் எறியாத குறையாகத் திருப்பித் தந்ததிலிருந்து நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டே தேய்ப்பாள்.

உடனே போன் போட்டேன். எடுத்தாள். அப்பாடா என்றிருந்தது. ஹோட்டல்காரர்களின் வெள்ளைச் சட்டைகள், சாயங்காலத்துக்குள் வேண்டுமாம்.

"ஒரு நல்ல சேதி கேளுடா. காலையில அப்படி ஊத்துச்சு, இப்ப வேர்வையே நின்னு போச்சு. நெத்தி காஞ்சு கிடக்கு. துண்டைக்கூட கழட்டிட்டேன்."

அவள் நாக்கு குழறியது. அந்தக் கொதிக்கிற கடையில் வேர்வை நிற்பது நல்ல சேதியல்ல, உடம்பு சூட்டைத் தாங்க முடியாமல் கைவிடுகிறது என்று அர்த்தம். இங்கே ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஏசியில் உட்கார்ந்து தினமும் படிக்கிறேன்.

"அக்கா, பெட்டிய அணை. வெளிய நிழல்ல போய் உட்காரு. தலை, கழுத்தெல்லாம் தண்ணி ஊத்து. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஈரக்கையோட பெட்டியத் தொடவா? நல்லா படிச்சடா நீ. இன்னும் ரெண்டே சட்டை..." பெட்டியை வைக்கிற சத்தம் கேட்டது. "ஆமா, யாரு பேசுறது? தம்பியா?"

கேலியா, நிஜமாகவே தெரியவில்லையா? கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

அக்காவின் பக்கத்துக் கடைத் தையல்காரரைப் போனில் பிடித்தேன். நூல் வாங்க வெளியே வந்திருக்கிறாராம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஓடுகிறேன் என்றார். ஓடுகிற மூச்சு எனக்கே கேட்டது.

மறுபடி அக்காவைக் கூப்பிடுகிறேன். அவள் போன் மடித்த சட்டைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும், கை நீட்டினால் எட்டும். மணி போய்க்கொண்டே இருக்கிறது.