அண்ணனின் நாற்றுப் பண்ணையை மூடிய அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, மூத்தவர் என்ற முறையில் அண்ணனைத்தான் முதலில் கேட்டோம். "எனக்கு எழுத வராது கண்ணு, நீயே எழுது. ஆனா நர்சரிய மூடுன கதைய உட்டுறாத. அத உட்டுட்டு அவளப் பத்தி என்னத்த எழுதறது" என்றார். ஆகவே இளையவளான நான், அண்ணன் சொல்லச் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மலைமேல் வாழவந்தி நாட்டில், எங்கள் சிற்றூரில். அப்பா மரவள்ளியும் சாமையும் பயிரிட்டார். வீட்டைச் சுற்றியிருந்த மரங்களில் கொஞ்சம் மிளகுக் கொடி ஏற்றியிருந்தார். அக்கா மேல்நிலைப் பள்ளியில் படிக்கும்போது அப்பா காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அண்ணன் பள்ளியை விட்டு நின்று, மரவள்ளி லாரிகளுக்கு மூட்டை ஏற்றப் போனார். அம்மா அக்காவின் படிப்பையும் நிறுத்திவிடலாம் என்று சொன்னார். அண்ணன் ஒப்பவில்லை. "நம்ம ஊட்டுல ஒருத்தராவது படிச்சு மேல வரட்டும். அவளுக்கு வருது, அவ படிக்கட்டும்" என்று முடித்துவிட்டார். அக்கா விடுதியில் தங்கித் தோட்டக்கலை படித்துப் பட்டம் பெற்றார். தேர்வு எழுதி அரசுப் பணிக்கும் வந்தார். எங்கள் ஊரிலிருந்து அதிகாரியானவர்களில் அவர்தான் முதல் பெண்.

சில ஆண்டுகள் வெளி மாவட்டங்களில் வேலை பார்த்தார். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்த மாமாவை மணந்து ஒரு மகளையும் பெற்றார். பிறகு கேட்டு வாங்கிக்கொண்டு நம் மலைக்கே தோட்டக்கலை அலுவலராக மாற்றலாகி வந்தார்.

அவர் வந்த காலத்தில் மலையில் மிளகு நொடிந்து கிடந்தது. வாடல் நோய் வந்து தோட்டம் தோட்டமாகக் கொடிகள் காய்ந்துகொண்டிருந்தன. காய்ந்த கொடியை அறுத்து எறிந்துவிட்டு மரவள்ளி போட்டவர்கள் பலர். இளவயதுக்காரர்கள் திருப்பூர் பக்கம் கம்பெனி வேலைக்கு இறங்கிப் போனார்கள். மிளகைத் தூக்கி நிறுத்துவதற்காக மானியத்தில் புது மிளகு நாற்று கொடுக்கும் திட்டம் வந்தது. உள்ளூரிலேயே நாற்றுப் பண்ணை வைக்கிறவர்களிடம் நாற்றை வாங்கி விவசாயிகளுக்குக் கொடுப்பார்கள். நாற்று நன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சான்று தருவது அக்காவின் வேலை.

அப்படி நாற்றுப் பண்ணை வைத்தவர்களில் எங்கள் அண்ணனும் ஒருவர். அத்தனை வருட உழைப்பையும் அதில்தான் போட்டிருந்தார். நிழல் வலை கட்டி, பைகளில் மண் நிரப்பி, மிளகுக் கொடியில் வெட்டிய குச்சிகளை ஊன்றி, அண்ணியும் அவரும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள். சொந்த அண்ணனின் பண்ணையைத் தான் சோதிப்பது முறையல்ல என்று, வேறு அலுவலரை அனுப்பச் சொல்லி அக்கா மேலிடத்தில் கேட்டார். அனுப்ப ஆள் இல்லை, நீங்களே பார்த்துவிடுங்கள் என்று பதில் வந்தது.

மழைக்கு முன்னால் ஒரு காலையில் அக்கா உதவியாளர்களோடு வந்து இறங்கினார். அன்று நானும் அங்கே இருந்தேன். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பைகளை எடுத்துக் கிழித்து, நாற்றைப் பிடுங்கி, வாளித் தண்ணீரில் வேரைக் கழுவிப் பார்த்தார். பல வேர்கள் கறுத்து, தொட்டால் தோல் உரிந்து வந்தது. அடி இலைகளில் கரும்புள்ளி விழுந்திருந்தது. அண்ணன் அவரிடமிருந்து ஒரு நாற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குச்சி எங்க வாங்குனீங்கண்ணே?"

"கீழ ஒரு யாவாரிகிட்ட. நல்ல தோட்டத்துக் குச்சின்னுதான் சொன்னான். இந்தப் பக்கத்துப் பையெல்லாம் எடுத்துப் போட்டுர்றேன். மிச்சத்துக்கு எழுதிக் குடுத்துரு கண்ணு."

"எல்லாப் பைக்கும் ஒரே தண்ணிதானே ஓடுது. மேல பாத்தா பச்சையா இருக்கும், உள்ள நோய் இருக்கும். ஒண்ணுகூட வெளிய போகக் கூடாதுண்ணே. மொத்தத்தையும் அழிக்கோணும்."

அண்ணன் கையிலிருந்த நாற்றைக் கீழே வைத்தார். பிறகு, "உன்னப் படிக்க வெச்சது இதுக்குத்தானா?" என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் அக்காவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"ஆமாங்கண்ணே, இதுக்குத்தான்" என்றார் அக்கா. உத்தரவை மாற்றவில்லை. அம்மா கொண்டுவந்த மோரையும் வாங்காமல் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அந்த வாரமே மற்றப் பண்ணைகளிலும் அதே நோயைக் கண்டு, அவற்றையும் அழிக்கச் சொன்னார். அந்த மழைக்கு நம் பகுதியில் யாருக்கும் நாற்று கிடைக்கவில்லை. குழி எடுத்து வைத்துக் காத்திருந்தவர்களின் கோபம் முழுவதும் அக்காவின் மேல் திரும்பியது. விவசாயிகள் கூட்டம் கூட்டிக் கேட்டார்கள். அரியூர் நாட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "ஏனுங்க ஆபீசரம்மா, உங்க ஊட்டுச் சண்டைக்கு எங்க மழைய ஏன் பாழாக்குறீங்க?" என்று கேட்டார். கூட்டத்தில் பலர் ஆமாம் போட்டார்கள்.

அக்கா உட்காரவில்லை, பேச்சையும் வளர்க்கவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த நோய்ப்பட்ட நாற்றுகளையும், ஒப்பிட வெளியூரிலிருந்து வாங்கிவந்த சில நல்ல நாற்றுகளையும் அந்தப் பெரியவரிடமே கொடுத்து, வேரைக் கழுவிப் பார்க்கச் சொன்னார். வேர்கள் கூட்டத்தில் கைமாறிப் போயின.

"எங்க அண்ணன் இல்லாட்டி நான் இந்த வேலையில இல்லீங்க. அவருகூட எனக்கு என்னங்க சண்டை? இந்த நாத்த நான் உங்களுக்குக் குடுத்திருந்தா, இப்ப மிச்சமிருக்கற நல்ல கொடியும் சேந்து போகும். அப்ப மழை வந்தும் நடறதுக்கு ஒண்ணுமிருக்காது."

"அதுக்குன்னு எங்கள வெறுங்கையோட அனுப்பறீங்களே?" என்றார் பெரியவர்.

"அது குறைதானுங்க. நாத்து வளந்து முடிஞ்ச பொறவு வந்து வேண்டாம்னு சொல்றது மேற்பார்வையே இல்லீங்க. குச்சி வெட்டற அன்னைக்கே நான் வந்திருக்கோணும். இனி அப்படித்தான் வருவேன்."

கூட்டத்தில் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதினால் பொய்யாகிவிடும். முணுமுணுத்துக்கொண்டே போனவர்கள்தான் அதிகம். ஆனால் அக்கா அன்று சொன்னபடி செய்தார். அழித்த நாற்றுகளுக்காகப் பண்ணைக்காரர்களுக்கு உதவி கிடைக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு விடாமல் ஏறி இறங்கினார். தாமதமாகத்தான் வந்தது, கேட்ட அளவும் வரவில்லை. வந்தது அண்ணனைப் போன்றவர்களுக்கு மறுபடி தொடங்கப் போதுமானதாக இருந்தது.

அண்ணன் மட்டும் பேசவில்லை. அக்கா வீட்டுக்கு வந்தால் பின்வாசல் வழியாகக் காட்டுக்குப் போய்விடுவார். அக்காவும் வருவதை நிறுத்தவில்லை. அம்மாவிடமும் அண்ணியிடமும் பேசிவிட்டு, "அண்ணன்கிட்ட வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அடுத்த கோடையில் நடந்ததைத்தான் அண்ணன் கட்டாயம் எழுதச் சொன்னார். அழிக்கச் சொன்ன நாற்றுகளில் கொஞ்சத்தை அவர் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குப் பின்னால் நட்டு வைத்திருந்தார். அவை தழைத்து வந்ததும் தங்கையிடம் காட்டி, நீ செய்தது தவறு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். மழைக்காலம் முடியும்வரை நன்றாகத்தான் வந்தன. மழை ஓய்ந்ததும் ஒவ்வொன்றாக வாடின. அதோடு நிற்கவில்லை. பக்கத்து மரங்களில் நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த பழைய கொடிகளும் இலை உதிர்க்கத் தொடங்கின.

காய்ந்த கொடிகளை வேரோடு பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு, அண்ணன் பஸ் ஏறி நேராக அலுவலகத்துக்குப் போனார். மேசைக்குப் பக்கத்தில் சாக்கைப் பிரித்து வைத்தார்.

"நீ சொன்னதுதான் சரி. பாத்துக்க."

அக்கா குனிந்து வேரைப் பார்த்தார். "எங்க நட்டீங்கண்ணே?"

"ஊட்டுக்குப் பின்னால."

"அப்பா வெச்ச கொடி இருக்கற பக்கமா? அதுக்கும் வந்துருச்சா?"

"ரெண்டொண்ணு வாடுது."

"அப்ப இங்க உக்காந்து பேசீட்டு இருக்கக் கூடாது. எந்திரிங்க, மருந்து எடுத்துட்டுப் போலாம்" என்று அக்கா எழுந்துவிட்டார். இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்கியதைப் பார்த்து அம்மா வாசலிலேயே அழுதுவிட்டார். அன்று பொழுது சாயும்வரை வாடிய கொடிகளை அகற்றி, மற்றவற்றின் அடியில் மருந்துக் கலவை ஊற்றினார்கள். பாதிக்கு மேல் பிழைத்தன. நான் அப்போதே சொன்னேனே என்ற சொல் அன்றும் அதற்குப் பிறகும் அக்காவின் வாயிலிருந்து வந்ததில்லை.

அதன் பிறகு அண்ணன் மறுபடி நாற்றுப் பண்ணை தொடங்கினார். அரியூர் நாட்டிலும் வாசலூர்பட்டிப் பக்கத்திலும் மகளிர் குழுக்களும் பண்ணைகள் தொடங்கின. வெளியிலிருந்து குச்சி வாங்காமல், மலையிலேயே நோயில்லாமல் நிற்கும் தாய்க்கொடிகளைத் தேடிப் பிடித்து அவற்றிலிருந்து எடுத்தார்கள். குச்சி வெட்டும்போதும், பை நிரப்பும்போதும், துளிர் விடும்போதும் அக்கா போய் நின்றார். அண்ணனின் பண்ணையில்தான் சோதனை மிகக் கடுமையாக நடக்கும் என்று உதவியாளர்கள் சிரிப்பார்கள். வேலை முடியும்வரை அங்கே தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். முடிந்ததும் வாசல் படலைத் தாண்டி வெளியே போய், திரும்ப உள்ளே வருவார். "அண்ணி, ஆபீசர் போயாச்சு. இப்ப நாத்தனா வாரேன், சோறு போடுங்க" என்பார். அண்ணியும் அதற்காகவே குழம்பைச் சூடாக வைத்திருப்பார்.

இன்றைக்கு நம் பகுதியில் சில்வர் ஓக் மரங்களில் மறுபடி மிளகு ஏறி நிற்கிறது. எல்லாத் தோட்டமும் மீண்டுவிடவில்லை. விலை விழும் காலத்தில் அக்காவால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை, அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை உண்டு. ஆனால் இங்கே வளர்ந்த நாற்று என்றால் மற்ற மலைக்காரர்களும் நம்பி வாங்க வருகிறார்கள். அந்த நம்பிக்கை அக்கா சம்பாதித்துக் கொடுத்தது என்று எங்கள் குடும்பம் தலை நிமிர்ந்து சொல்லும்.

பணி ஓய்வுக்குச் சில காலம் இருக்கும்போதே அக்காவுக்குச் சிறுநீரகக் கோளாறு கண்டது. மலையிலிருந்து அடிக்கடி இறங்கிச் சிகிச்சைக்குப் போவது கடினம் என்பதால், மலைக்குக் கீழே பேளுக்குறிச்சியில் என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மாமா விடுப்பு எடுத்துக்கொண்டு உடனிருந்தார். சிகிச்சை முடிந்து களைத்துப் படுத்திருக்கும்போதும் போனில் யாராவது நாற்றைப் பற்றிக் கேட்டால் எழுந்து உட்கார்ந்து பேசுவார். கடைசி வாரத்தில் அண்ணன் பார்க்க வந்திருந்தார்.

"உனக்குப் பதிலா புதுசா ஒரு பையன் வந்திருக்கான் சாமி. போன வாரம் வந்து ஒரு பாத்தி பூராத்தையும் ஒதுக்கிட்டான்" என்றார் அண்ணன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? வேரக் கழுவிக் காமிச்சான். சரின்னு எடுத்துப் போட்டேன்."

அக்கா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. அதற்கடுத்த சில நாட்களில், மகள் கையைப் பிடித்தபடி இருக்க, அமைதியாக உயிர் பிரிந்தது.

அக்காவைச் சிகிச்சைக் காலம் முழுவதும் சொந்தப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் நன்றி. கேட்கும்போதெல்லாம் வந்து ரத்தம் கொடுத்த தம்பிகளுக்கும், மாமாவின் பணியை மாற்றிப் பார்த்துக்கொண்ட சக நடத்துநர்களுக்கும், இறுதிச் சடங்குகளை முன்னின்று நடத்திய பங்காளிகளுக்கும், துக்க நாட்களில் சமைத்துப் போட்ட ஊர்ப் பெண்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர்களை எப்படி அழைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அக்காவின் உடலை மலைக்குக் கொண்டுபோன அன்று மதியம் நல்ல மழை. மேல் வளைவு ஒன்றில் மண் சரிந்து, ஆம்புலன்ஸ் அதற்கு மேல் போக முடியாமல் நின்றுவிட்டது. செய்தி எப்படிப் போயிற்றோ, மேலிருந்து ஆட்கள் நடந்தே இறங்கி வந்தார்கள். குடையில்லாமல், முழங்கால் சேற்றில், தோள் மாற்றித் தோள் மாற்றி அக்காவைச் சரிவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வேறு வண்டியில் ஏற்றினார்கள். அந்த மழையில் முகம் பார்த்து வைக்கவோ பெயர் கேட்கவோ எங்களுக்குத் தோன்றவில்லை. அவர்களில் சிலராவது இந்த மலரை இப்போது கையில் வைத்திருப்பீர்கள். அன்று நீங்கள் சுமந்தது எங்கள் அக்காவை. எங்கள் குடும்பம் உங்களைக் கைகூப்பி வணங்குகிறது.