முன் சீட்டில் வைத்த இலை

அத்தையின் புழு நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அட்டை போன நாற்பது பக்க நோட்டு. பட்டுப்புழு வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே கிழமை, வெயில், காற்று எல்லாவற்றையும் பென்சிலால் எழுதியிருக்கிறாள். அந்த நோட்டைப் பார்க்கும்வரை இந்த விஷயம் ஐப்பசியில் நடந்தது, விடாமல் மழை பெய்தது என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். நோட்டில் புரட்டாசி என்றிருக்கிறது. மழையும் இல்லை. 'நல்ல வெயில்' என்று நான்கு நாள் தொடர்ந்து எழுதியிருக்கிறாள். நான் நோட்டையே நம்புகிறேன். ஆனால் கார் நாறிய கதை அதில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே அதை நான்தான் எழுதிவைக்க வேண்டும்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம். கம்பைநல்லூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிக் காட்டுக்குள் எங்கள் வீடு; எங்கள் பக்கம் விளைநிலத்தையும் காடு என்போம். அப்பாவுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. மாதம் ஒருமுறை வருவார். மற்றபடி வீட்டில் நான்கு பேர்: அம்மா, அப்பாவின் அண்ணனான பெரியப்பா, அப்பாவின் தங்கையான அத்தை, நான். பெரியம்மா நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டாள். அத்தை முந்தைய வருடம்தான், மாமா இறந்தபின், இரண்டு பைகளோடு திரும்பி வந்திருந்தாள். பெரியப்பா யாரையும் கேட்காமல் தன் பங்கில் அரை ஏக்கரை அவளுக்கு ஒதுக்கி மல்பெரி நட்டார். பட்டுப்புழு வளர்க்க அதன் ஓரத்தில் ஒரு கொட்டகையும் தன் கையாலேயே கட்டினார். நாங்கள் அதைப் புழு வூடு என்போம்.

அத்தை பயிற்சிக்குப் போய்வந்தாள். அந்தப் புரட்டாசி நான்காம் சனிக்கிழமை அவளுடைய முதல் பேட்ச் புழு வருவதாக இருந்தது. ஒருநாள் சோறு வடிக்கும்போது அவள் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது:

"இது சரியா வரலைன்னா நான் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போயிடறேங்கண்ணி. அண்ணன் சோத்தத் தின்னுக்கிட்டு எத்தினி நாளைக்கு உக்காந்திருக்கறது?"

எனக்குத் திருப்பூர் என்றால் பேருந்தில் எழுதியிருக்கும் பெயர். அத்தை அதில் ஏறிவிடுவாள் என்பது மட்டும் புரிந்தது.

மூன்றாம் சனிக்கிழமை மத்தியானம் பெரியப்பா தன் காரில் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டியபடி வந்து சேர்ந்தார். நெற்றியில் நாமம். பதினெட்டு வருடம் லாரி ஓட்டிய பிறகு வாங்கிய வெள்ளைக் கார் அது. வாங்கியபோதே பழசு என்றாலும் தினமும் சாயங்காலம் துணி போட்டுத் துடைப்பார். அன்று அது நின்றதும் நாய் முதலில் ஓடி வந்து, பிறகு யோசித்துத் திரும்பிப் போனது.

நடந்தது இதுதான். பெரியப்பாவின் மிளகாய்ச் செடிக்குத் தெளிக்க, நண்பர் ஒருவர் பத்து லிட்டர் கேன் நிறைய மீன் அமிலம் கொடுத்திருந்தார். மீன் கழிவையும் வெல்லத்தையும் ஒன்றாகப் போட்டு ஊறவைக்கும் சமாசாரம். நன்றாக ஊறினால் பழ வாசனை வருமாம். அதற்கு இருபத்தொரு நாளாவது ஆக வேண்டும். இந்தக் கேனுக்குப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பெரியப்பாவுக்கு அவசரம். பின்சீட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு வந்தார். வேகத்தடையில் கார் குதித்தது. உள்ளே பொங்கிக்கொண்டிருந்த கேன் மூடியைத் தூக்கி எறிந்தது.

பக்கத்துக் காட்டு அக்கா வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்கண்ணா, நெத்தியில பெருமாளு, வண்டியில மத்தியா? புரட்டாசி சனியும் அதுவுமா!"

"மீனில்ல தாயே, உரம்."

"உரம்னு சொல்லித்தான் எங்க வூட்டுக்காரரும் வாங்கியாருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள், அத்தையைத் தவிர. அவள் பின்சீட்டைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அடுத்த சனிக்கிழமை புழுத் தட்டுகள் வர வேண்டிய சீட் அது. முட்டையிலிருந்து பொரிந்த குஞ்சுப் புழுக்களை ஒரு மையத்தில் சில நாள் வளர்த்துத் தட்டுத் தட்டாகக் கொடுப்பார்கள். மையம் தர்மபுரிக்கு அந்தப் பக்கம். பேருந்தில் நசுங்கும், பைக்கில் காற்றடிக்கும். அதனால் பெரியப்பாவே, "என் கார் எதுக்கு இருக்குது?" என்று முன்பே சொல்லியிருந்தார்.

புழுவுக்கு எந்த வாடையும் ஆகாது. புழு வூட்டுப் பக்கம் மிளகாய் வறுக்கக் கூடாது, ஊதுபத்தி கூடாது. அத்தை பவுடர் போடுவதை விட்டு ஒரு மாதமாகியிருந்தது. வாடை பட்டால் புழு இலையைத் தொடாது, தொட்டாலும் பிழைக்காது. இதுவே பெரிய சிக்கலாகிப்போனது. ஏனென்றால், நாற்றத்தைப் போக்க ஊரில் யாருக்குத் தெரிந்த வைத்தியமும் இன்னொரு வாசனைதான்.

"பினாயில் ரெண்டு மூடி ஊத்துங்க மாமா," என்றாள் அம்மா பெரியப்பாவிடம்.

"ஐயோ அண்ணி, பினாயில மோந்தா புழு வாயே தொறக்காதுங்க."

"சாம்பிராணி?"

"பொகையே ஆவாது."

"கார்ல தொங்க வுடுவாங்களே, மல்லிப்பூ வாசன அட்ட?"

"வாடைக்கு மேல வாடையப் போத்தினா அது ரெண்டு வாடைங்கண்ணி."

பெரியப்பா தலையைச் சொறிந்தார். "அப்ப வாசனையே இல்லாத ஒண்ணால இந்த நாத்தத்தப் போக்கணும். நல்ல வேல குடுத்த, போ."

ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டைக் கழற்றி வேப்பமரத்தடியில் சாய்த்தார். காரின் தரையில் காய்ந்த செம்மண்ணை ஒரு விரல் உயரத்துக்குக் கொட்டி, ஈரத்தையெல்லாம் அது குடிக்கும்வரை விட்டுக் கூட்டி எடுத்தார். அம்மா வெந்நீர் கொண்டுவந்தாள். "சுடுதண்ணி ஊத்தினா மீனு வெந்து அங்கியே ஒட்டிக்கும்மா," என்று தடுத்துவிட்டார். பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரை. தேய்த்து அலசி, மறுபடி தேய்த்து அலசினார். தரைவிரிப்புக்கு அடியிலிருந்த பஞ்சு மெத்தை கால்படி அமிலத்தைக் குடித்து வைத்திருந்தது. அதைப் பிய்த்தெடுத்துக் குழி தோண்டிப் புதைத்தார். கதவுகளைத் திறந்துபோட்டுத் திங்கட்கிழமை முழுக்க வெயிலில் நிறுத்தினார்.

திங்கள் மாலைக்குள் வீட்டில் எல்லோர் மூக்கும் பழகிவிட்டது. பள்ளிக்கூடம் போய்வரும் என் மூக்குதான் புதிய மூக்கு. தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்துச் சொல்வது என் பொறுப்பாயிற்று. அந்த வாரம் என்னைப்போல் முக்கியமானவர் வீட்டில் வேறு யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை என் மூக்கை மட்டும் நம்பவில்லை. ஈரத்துணியின் மேல் ஒரு மல்பெரி இலையை விரித்துப் பின்பக்கம் வைத்து, கண்ணாடிகளை ஏற்றி, இரவு முழுக்கப் பூட்டிவைத்தாள். பக்கத்துக் காட்டு அக்கா வீட்டில் புழு ஏற்கெனவே விரல்கணு அளவு வளர்ந்திருந்தது. அவளிடம் பத்துப் புழு கேட்டு வாங்கினாள். "செத்துப்போச்சுன்னா காரியத்துக்கெல்லாம் வரமாட்டேன், ஆமா," என்று சொல்லித்தான் அக்கா கொடுத்தாள். செவ்வாய் காலை அந்த இலையில் பத்துப் புழுக்களையும் விட்டோம். அவை தலையைத் தூக்கி அப்படியும் இப்படியும் ஆட்டிவிட்டு, ஒவ்வொன்றாக விளிம்புக்கு நகர்ந்தன. கடிக்கவில்லை.

அம்மா பெட்டியிலிருந்த ஆப்பசோடா முழுவதையும் கொடுத்தாள். அதைத் தரையிலும் சீட்டிலும் தூவி, சாயங்காலம் வரை வைத்துத் தென்னந்துடைப்பத்தால் கூட்டினார்கள். பிறகு ஆறு தட்டுகளில் அடுப்புக்கரியை நொறுக்கி உள்ளே வைத்தார்கள். அன்றிரவு அத்தை இரண்டு இலை வைத்தாள். ஒன்று பின்பக்கம். இன்னொன்று, ஏனென்று எனக்குத் தெரியவில்லை, முன்னால், ஓட்டுகிற சீட்டில்.

புதன்கிழமை காலை, அரைக் குளிரில், நான் பல் துலக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்க இலையில் விட்ட ஐந்து புழுக்களும் மெல்லத் தின்னத் தொடங்கின. முன்சீட்டு இலையில் விட்ட ஐந்தும் தலையைத் தூக்கி ஆட்டின, விளிம்புக்கு நகர்ந்தன.

அத்தை வெகுநேரம் இரண்டு இலைகளையும் பார்த்தாள். பெரியப்பா வாளியோடு வந்து நின்றார்.

"என்னாச்சு?"

"பின்னாடி போயிடுச்சுங்கண்ணா. முன்னாடி இன்னும் கொஞ்சம் மீன் வாடை இருக்குதுங்க."

"கேன் பின்னாடிதான இருந்துச்சு?"

"தெறிச்சிருக்கும்ங்க."

என் பொறுப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. வாயில் நுரையோடு ஓடி முன்கதவு வழியாகத் தலையை விட்டு நன்றாக இழுத்து மோந்தேன்.

"மீனெல்லாம் இல்ல அத்தை. பெரியப்பா வாசனதான் அடிக்குது."

அத்தை என் தோளில் நறுக்கென்று கிள்ளினாள். "வாயக் கொப்புளிச்சிட்டுப் போடி. பள்ளிக்கூடத்துக்கு நேரமாவல?"

பெரியப்பா வாளியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் காரைப் பார்த்தார். "புள்ளயக் கிள்ளாத," என்று மட்டும் சொன்னார்.

நான் பெரியப்பா வாசனை என்று சொன்னது புகையிலை. லாரி ஓட்டிய காலத்துப் பழக்கம். இடுப்பு மடிப்பில் எப்போதும் ஒரு பொட்டலம், கன்னத்தில் எப்போதும் ஓர் உருண்டை. அவர் சட்டை, துண்டு, கை, கார் ஸ்டியரிங் எல்லாம் அதுதான். எனக்கு அது வாடையாகத் தெரிந்ததே இல்லை. அவர் மடியின் வாசனை அது. ஆனால் புழு வளர்ப்பவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே புகையிலையைப் பற்றித்தான். அதைப்போல் புழுவுக்கு விஷம் வேறில்லை. அத்தை அதைப் பயிற்சியில் கேட்டு வந்திருக்கிறாள். அண்ணன் கொடுத்த நிலம், அண்ணன் கட்டிய கொட்டகை, அண்ணனின் கார். அந்த அண்ணனிடம் தங்கை எந்த வாயால் சொல்வாள்? இதையெல்லாம் நான் புரிந்துகொண்டது பல வருடம் கழித்து. அன்று எனக்குத் தெரிந்தது, உண்மையைச் சொன்னதற்குக் கிள்ளு வாங்கினேன் என்பதுதான்.

அன்று மாலை நான் வந்தபோது முன்சீட்டும் மரத்தடிக்கு வந்திருந்தது. ஸ்டியரிங், கியர்த் தண்டு, கதவுக் கைப்பிடி என்று ஒவ்வொன்றாகப் பெரியப்பா சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கொடியில் அவருடைய எல்லாச் சட்டைகளும் ஒரே நாளில் காய்ந்தன.

வியாழக்கிழமை அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தார். நாயைத் திட்டினார். தேநீர் டம்ளரை வாங்கும்போது இன்னொரு கை, பொட்டலம் இல்லாத இடுப்பு மடிப்புக்குப் போய்த் திரும்பியது. கன்னத்தில் பொட்டுக்கடலையை அடக்கிக்கொண்டு, சற்றுநேரம் கழித்து எரிச்சலோடு மென்று விழுங்கினார். என்னைக் கூப்பிடவே இல்லை. நான் சொன்னதில்தான் கோபம் என்று முடிவுசெய்து, பயந்து பயந்து அருகில் போனேன்.

"பெரியப்பா, உங்க வாசன நல்ல வாசனதான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "நீ ஒருத்திதான் கண்ணு சொன்ன," என்றார்.

சீட்டுகள் மறுபடி காருக்குள் போயின. வெள்ளிக்கிழமை காலை மறுபடி இரண்டு இலை, ஐந்தைந்து புழு. முன்சீட்டு இலையில் முதலில் ஒரு புழு கடித்தது; பிறகு எல்லாம் கடித்தன. ஒரு மணி நேரத்தில் இரண்டு இலையிலும் நரம்புதான் மிச்சம். பெரியப்பா பத்தடி தள்ளி, கிட்டே வராமல் நின்றார்.

"தின்னுச்சா?"

"தின்னுச்சுங்கண்ணா."

அவ்வளவுதான் பேசினார்கள்.

சனிக்கிழமை விடியும் முன் கிளம்பி, வெயில் ஏறும் முன் திரும்பிவிட்டோம். பின்சீட்டில் ஈரத்துணி போர்த்திய தட்டுகள். நானும் அத்தையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். பதினெட்டு வருடம் லாரி ஓட்டியவர், சைக்கிள்காரர்கள் முந்திப் போகும்படி ஓட்டினார். புழு வூட்டு வாசலில் அத்தை சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தாள். மருந்தடித்துச் சுத்தம் செய்த நாளிலிருந்து, கட்டியவரே என்றாலும், பெரியப்பா அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. அன்றும் தட்டை நீட்டிக்கொண்டு வெளியே நின்றார்.

"உள்ள வாங்கண்ணா," என்றாள் அத்தை. "நீங்களே வைங்க."

அவர் கால் கழுவி, கை கழுவி, சோப்புப் போட்டு மறுபடி கை கழுவிவிட்டுத்தான் உள்ளே போனார்.

அதன்பிறகு இருபத்து மூன்று நாள், ராத்திரி இலை போடுவது அவர் வேலையாயிற்று. பொட்டுக்கடலை மட்டும் வீட்டில் தங்கவில்லை. நடுவில் வந்த தீபாவளிக்கு எங்கள் காட்டில் வெடி இல்லை, புகை ஆகாது. புழுக்கள் பெருத்துக் கூடு கட்டின. ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை கூடுகளைப் பிரித்து எடுத்தோம். சந்தைக்குப் போன முதல் மூட்டையே நல்ல ரகம் என்று அத்தை நோட்டில் எழுதியிருக்கிறாள், அடியில் கோடு போட்டு. திருப்பூர்ப் பேச்சு அதன்பின் எழவில்லை.

கூடு எடுத்த அன்று சாயங்காலம் பெரியப்பா கூட்ரோடு கடைவரை போய்விட்டு வந்தார். நான் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தேன்.

"அத்தை! இப்பதான் பெரியப்பா வாசன வருது!" என்று கத்தினேன். காணாமல் போனவர் கிடைத்துவிட்டதைப்போல் இருந்தது எனக்கு.

பெரியப்பா அசையாமல் நின்றார். அத்தை முறத்தில் மிஞ்சியிருந்த கூடுகளைக் கையால் அளைந்தபடி, நிமிராமல் சொன்னாள்:

"அடுத்த புழு கார்த்திக ரெண்டாஞ்சனி வருதுங்கண்ணா."

"சரிம்மா. ஒரு நாலு நாள் முன்னாடியே சொல்லிடு. காரக் கழுவணும்."

"சொல்றேங்க."

"கார்தான் இப்ப நாறவே இல்லையே, எதுக்குக் கழுவணும்?" என்று கேட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவர்களுக்குக் காரணமே இல்லாமல் கார் கழுவப் பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.