கடல் பக்கம் கட்டிய குழாய் ரேடியோ

போன வாரம் ஒத்தக்கடை வீட்டு மொட்டை மாடியில் பட்டுச்சேலையை உதறினேன். மடிப்புக்குள்ளிருந்து ஒரு கைப்பிடி மணல் கொட்டியது. அக்கா மகள் கல்யாணத்துக்கு முந்தின மாலை, கிழக்குக் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில், அந்தச் சேலையோடு நான் ஆடிய ஆட்டத்தின் மிச்சம் அது. வாசலிலேயே ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்துவிட்டார்கள். சத்தம் வெளியே வரக்கூடாதாம், பாட்டெல்லாம் அவரவர் காதுக்குள்தான். அத்தான் கேட்ட பாட்டு வேறு, நான் கேட்ட பாட்டு வேறு. ஆனாலும் எதிரெதிரே நின்று ஜோடியாக ஆடினோம் என்று வீடியோவில் இருக்கிறது.

அந்த மணலில் உப்பும் மல்லிகையும் கலந்து ஒரு வாசனை அடித்தது. அதே வாசனையோடு இன்னொரு சேலை என்னிடம் இருந்தது. சிவப்பு ஜிகினாச் சேலை. மேடையில் விளக்கு பட்டால் ஜொலிக்கும், கழுத்தில் உரசினால் அரிக்கும். வார நாட்களில் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை, சனி ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் பாட்டு என்று நான் இரட்டை வாழ்க்கை வாழ்ந்த காலம். மதுரையில் என்னை விட்டால் பாட ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு எனக்கு மட்டும்தான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

குழுவை நடத்தியவர் கீபோர்டு வாசிக்கும் காதர் அண்ணன். மைக்கும், கம்பத்தில் கட்டுகிற கூம்பு ஒலிபெருக்கியான குழாய் ரேடியோவும் பாண்டியின் பொறுப்பு. பாண்டிக்குத் தொழிலில் ஒரே கொள்கை. குழாயை ஊருக்கு வெளியே பார்த்துக் கட்ட வேண்டும், அடுத்த ஊர்க்காரன் காது குளிர வேண்டும். அழகர்கோவில் பக்கம் ஒரு காதுகுத்துக்கு அவன் கட்டிய குழாயைக் கேட்டு, பத்திரிகை வைக்காத ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்து சாப்பிட்டுப் போனார்கள்.

ஒருமுறை ராமநாதபுரம் தாண்டி ஒரு கடலோரக் கிராமத்துக்குக் கல்யாண வரவேற்புக்குப் போனோம். மறுநாள் காலையில் தாலிகட்டு. வேனில் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே போன பாடகி யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இறங்கி நிமிர்ந்தால் முன்னால் கடல். அதற்குமுன் நான் பார்த்த பெரிய தண்ணீர் மாரியம்மன் தெப்பக்குளம்தான். வாயைத் திறந்தபடி நின்றேன். பாண்டி அப்படியெல்லாம் நிற்கவில்லை. கம்பத்தில் ஏறி, வழக்கம்போல ஊருக்கு வெளியே பார்த்து இரண்டு குழாய்களையும் இறுக்கிக் கட்டிவிட்டான்.

காதர் அண்ணன் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"எலேய், அங்கிட்டு யாருக்குடா கேக்கப் போகுது? இலங்கைக்கா?"

"அங்கிட்டும் ஏதாச்சும் ஊரு இருக்கும்னு நெனச்சேண்ணே."

திருப்பிக் கட்ட அவன் மறுபடி ஏறினான். அப்போதுதான் பட்டுப்புடவையும் தலை நிறைய பூவுமாகக் கல்யாணப் பெண் பூமயில் மணலில் கால் புதையப் புதைய ஓடிவந்தாள்.

"அண்ணே, திருப்பாதீக. அப்படியே இருக்கட்டும்."

விஷயம் இதுதான். மதுரையில் வேலை பார்த்த இடத்தில் ஒரு மேலூர்ப் பையனை அவளே பார்த்து முடிவு செய்துவிட்டாள். கடல் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்றார் அப்பா. அம்மா முன்னின்று கல்யாணத்தை ஏற்பாடு செய்ய, மனுஷன் அன்று மத்தியானம் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு தனியாகக் கடலுக்குள் போய்விட்டார். மீன் பிடிக்கவில்லை. நங்கூரம் போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் கை காட்டிய இடத்தில் ஒரு புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பாகத் தெரிந்தது. கூப்பிடப் போன இரண்டு படகுகளும் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தன.

"எங்கப்பா இல்லாம காலையில நான் மணவறையில உக்கார மாட்டேன்க்கா. இதுல பேசுனா அவருக்குக் கேக்குமா?" என்று என் கையிலிருந்த மைக்கைப் பார்த்தாள்.

மேலூரிலிருந்து வந்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பாட்டு எப்போது தொடங்கும் என்று சத்தம் போட்டார்கள். நான் மைக்கை நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு மேடையில் எங்களுக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்து நின்றாள். பேசப் போகிறாள் என்று நினைத்தேன். பாடினாள்.

அது அம்பா. கரையில் நின்று வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு. ஒருவர் முன்னால் பாட, கயிறு பிடித்தவர்கள் பின்னால் வாங்கிப் பாடுவார்கள். அவள் அப்பாதான் அந்தக் கரையில் முன்பாட்டுக்காரராம். சுதி இல்லை, குரல் உடைந்தது. காதர் அண்ணன் கீபோர்டில் சுதி தேடிப் பார்த்தார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பாட்டில் கயிற்றைத் தளர விடுகிற ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஓர் இடம் வரும். அப்பா பெயரை மகள் சொல்லலாமா? ஒரு கணம் நின்றாள். பெயர் வர வேண்டிய இடத்தில் "எப்பா" என்று வைத்துப் பாடினாள்.

சமையல் பந்தலிலிருந்து பெண்கள் பின்பாட்டை வாங்கினார்கள். மீன் கழுவிய கையோடு, கரண்டியோடு, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வந்து தண்ணீர் ஓரமாக நின்று பாடினார்கள். ஏழு வருஷம் மேடையில் பாடியவள் நான். குரல் என்பது இதற்குத்தான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நிலத்துக் காற்று பின்னாலிருந்து அடித்தது. பாண்டியின் இரண்டு குழாய்களும் அந்தப் பாட்டை முழுசாகக் கடலுக்குள் கொண்டுபோயின.

மூன்றாம் தடவை "எப்பா" என்றபோது அந்தக் கறுப்பு அசைந்தது. முதலில் இன்னும் உள்ளே போவது போலிருந்தது. பூமயில் பாடுவதை நிறுத்தவில்லை. பிறகு வள்ளம் திரும்பியது.

வெளிச்சம் போவதற்குள் வந்துவிட்டார். நனைந்த கைலியோடு இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து, வள்ளத்தைப் பிடித்தபடி நின்றார். மேடைப் பக்கம் பார்க்கவே இல்லை. ஒரு கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் கம்பத்தைப் பார்த்தார்.

"எவண்டா கடலுக்கு ரேடியோ கட்டுனது? இம்புட்டுச் சத்தம் போட்டா மீன் தங்குமாடா?"

பாண்டி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். பூமயில் பட்டுப்புடவையோடு தண்ணீருக்குள் ஓடினாள். மறுநாள் தாலிகட்டில் அவர் முன்வரிசையில் முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், உட்கார்ந்திருந்தார் என்பதுதான் முக்கியம்.

இப்போது குழாய் ரேடியோ கட்ட விடுவதில்லை. அந்த இரைச்சலில் படிக்க முடியாமல் அழுத பிள்ளைகளை நினைத்தால் அது நியாயம்தான். குழு கலைந்தது. என் குரலும் இப்போது வீட்டில் ஆள் கூப்பிடுவதற்குத்தான்.

ஆனால் ரிசார்ட்டில் அன்றைக்கு நடுவில் ஒருதரம் ஹெட்போனைக் கழற்றினேன். இருநூறு பேர் கால் மணலில் தேய்கிற சத்தமும் அலைச் சத்தமும் மட்டும் கேட்டன. தூரத்தில் ஒரு வள்ளம் அசையாமல் நின்றது. அதில் ஒரு ஆள் கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னையறியாமல் கம்பத்தைத் தேடினேன். கம்பம் இல்லை. இங்கே ஒரு கல்யாணம் நடக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.