கழற்றத் தெரிந்தவன் மாட்டிய கம்ப்யூட்டர்

முஜிபுர் ரஹ்மான் ஷார்ஜாவிலிருந்து ஒரேயடியாக ஊருக்குத் திரும்பியது 2005 ஜனவரியில். கொச்சியில் இறங்கி, குமுளி வழியாகப் பஸ் பிடித்து உத்தமபாளையம் வந்து சேர்ந்தபோது, அவன் கையில் ஒரு சூட்கேஸும் நைலான் கயிற்றால் வரிந்து கட்டிய அட்டைப்பெட்டி ஒன்றும் இருந்தன. சூட்கேஸைத் திறந்ததும் வீடு நிறைந்துபோனது. கம்பளி, கோடாலித் தைலம், பால்பவுடர் டின்கள், மகள் சானியாவுக்கு மின்னும் பட்டை வைத்த செருப்பு. அக்கம்பக்கத்தார் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டும் நகரவில்லை. அட்டைப்பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் இருந்ததே காரணம்.

அவர்கள் எல்லாரும் போன பிறகுதான் முஜிபுர் அதைப் பிரித்தான். உள்ளே பழைய துண்டுகளிலும் பனியன்களிலும் சுற்றிய பச்சை அட்டைகள், சாம்பல் நிறக் கேபிள்கள், ஒரு சின்ன ஃபேன், தூசி படிந்த இரும்புப் பெட்டி போல ஏதோ ஒன்று.

"என்னங்க இது?" என்றாள் ரெஹானா.

"கம்ப்யூட்டர்."

அவள் எட்டிப் பார்த்தாள். "எங்க?"

"இனிமேத்தான் மாட்டணும்."

ரெஹானா பனியன்களை மட்டும் தனியாக எடுத்து ஊற வைத்தாள்.

1996-இல் கல்யாணமான அடுத்த வருடமே கிளம்பிப் போனவன் அவன். போய்ச் சேர்ந்த இடம் ஒரு கோடவுன். ஆபீஸ்களில் தூக்கிப் போட்ட கம்ப்யூட்டர்கள் லாரி லாரியாக அங்கே வந்து இறங்கும். அவற்றின் திருகு மறைகளைக் கழற்றி, இரும்பு ஒரு பக்கம், அலுமினியம் ஒரு பக்கம், போர்டுகள் ஒரு பக்கம் என்று பிரித்துப் போட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கழற்றுகிற அளவுக்குக் கை பழகிவிட்டது. ஆனால் அத்தனை வருடத்தில் அவன் கையால் ஒரு கம்ப்யூட்டரைக்கூட ஓடவிட்டதில்லை. ஓடாதவைதான் அங்கே வரும். கோடவுனை மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் முதலாளியிடம் போய், குவியலிலிருந்து ஒரு பெட்டி அளவுக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அவர் கையை வீசி, எடுத்துக்கொள் என்றார். கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன் குவியலைக் கிளறி ஒரு பிராசசரை எடுத்துக் கொடுத்தான். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு அட்டை, ஓரத்தில் தங்க நிறப் பற்கள். "மேல வேகம் முந்நூறுன்னுதான் எழுதியிருக்கும். கேட்டா நானூத்தம்பதுக்கு ஓடும்" என்று அவன் சொன்னதை முஜிபுர் மறக்கவில்லை. அதைக் காலுறைக்குள் போட்டுத்தான் கொண்டு வந்தான்.

மாட்டுவது அவன் நினைத்த மாதிரி இல்லை. கழற்றும்போது எந்த வயர் எங்கே இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த சுருளியாண்டியிடம் போய் நின்றான். இருவரும் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்கிறவர்கள்.

"மாப்ள, எனக்கு டிவிதான் தெரியும். ஆனா கரண்டு எங்க வருது, எங்க வரலன்னு சொல்லிப்புடுவேன்" என்றார் சுருளியாண்டி.

அதுவே போதுமாக இருந்தது. பவர் சப்ளையில் செத்துக் கிடந்த ஒரு பாகத்தை அவர் மாற்றிக் கொடுத்தார். மானிட்டரும் அவர் கடை மூலையிலிருந்துதான் வந்தது. வீட்டில் முன்னறை ஜன்னலோரம் மேசை போட்டு, முஜிபுர் எல்லாவற்றையும் பூட்டி சுவிட்சைப் போட்டான். திரையில் ஒன்றும் வரவில்லை. நீளமாக ஒரு கூவல் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. கம்பத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தும் அஷ்ரப்பைக் கேட்டதற்கு, அப்படிக் கூவினால் ராம் என்கிற மெமரி அட்டை சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், அதன் பற்களை ரப்பர் வைத்துத் தேய்த்துப் பார்க்கச் சொன்னான். சானியாவின் பென்சில் பாக்ஸிலிருந்து ரப்பர் எடுத்துத் தேய்த்தான். மறுபடி சுவிட்சைப் போட்டபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடத் தொடங்கியது.

முஜிபுர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே அதைப் பார்த்தான். அடுப்படியிலிருந்த ரெஹானாவைக் கூப்பிட வாய் வந்தது. என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டான். கல்யாணமான பிறகு இருவரும் சேர்ந்தாற்போல் ஒரே கூரையின் கீழ் இருந்தது, இரண்டு தடவை லீவில் வந்ததையும் சேர்த்து, ஒரு வருடம்கூட இருக்காது. அவளிடம் என்ன பேசினாலும் விருந்தாளியிடம் பேசுவது போலவே வந்தது.

நாலு நாள் கழித்து அவளே கேட்டாள். "இத வச்சு என்ன செய்யப் போறீக?"

"கேசட்ட எல்லாம் இதுல ஏத்தப் போறேன்."

"எந்தக் கேசட்டு?"

அவன் சூட்கேஸின் அடித்தட்டைத் திறந்து காட்டினான். அவள் அனுப்பிய கேசட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. போன் பேசக் காசு கட்டுபடியாகாத காலத்தில், ஷார்ஜாவுக்குப் போகிற யாரிடமாவது கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவாள். அவன் பேசி அனுப்பிய கேசட்டின் மேலேயே தன் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்பிவிடுவாள். அதனால் அவன் பேசியவை எதுவும் மிச்சமில்லை, அவள் பேசியவை மட்டும் இருந்தன.

ரெஹானாவின் முகம் சிவந்துவிட்டது. "இதையெல்லாமா வச்சிருக்கீக!"

டேப் ரெகார்டரிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து ஏற்ற ஆரம்பித்தான். ஆனால் ஸ்பீக்கரை அணைத்து வைத்துவிட்டான். அவள் குரல் இந்த வீட்டில், அவள் நடமாடிக்கொண்டிருக்கும்போதே, வேறு வயதில் கேட்பது அவனுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பச்சைக் கோடு திரையில் ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு பக்கம் ஏறி முடிந்ததும் அதைச் சுருக்கிச் சேமிக்க வேண்டும். அதற்கு முழுப்பக்கம் ஓடுவதைவிட அதிக நேரம் பிடித்தது. அவனுக்குப் பொறுக்கவில்லை. கோடவுனில் லாரி வந்து நின்றால் அது காலியாகும் வரை நிமிரக் கூடாது. அந்தப் பழக்கம் உடம்பில் அப்படியே இருந்தது. பிலிப்பைன்ஸ்காரன் சொன்னது ஞாபகம் வந்தது.

மதர்போர்டில் ஜம்பர் என்று குட்டியாக ஒன்று உண்டு. அதைப் பிடுங்கி வேறு முள்ளில் குத்தினால் வேகம் கூடும். நானூற்றைம்பதுக்குப் போக அதில் வழியில்லை. கடைசி முள்ளில் குத்தினால் முந்நூற்றெழுபத்தைந்து வரை போகும். குத்தினான். கம்ப்யூட்டர் மறுப்புச் சொல்லாமல் ஓடியது. வேலை சட்டென்று முடிந்தது. ஒரு வாரத்தில் பாதிக் கேசட்டுகளை ஏற்றிவிட்டான். அதில் ஒரு கேசட்டின் நாடா ரெகார்டருக்குள் சுற்றிக்கொண்டு நைந்து அறுந்தது. ஏற்றியாகிவிட்டதே என்று அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள் பகலில் கம்ப்யூட்டர் தானாக நின்றது. திரும்பப் போட்டபோது ஹார்டு டிஸ்க்கில் பிழை இருப்பதாகப் பக்கம் பக்கமாக எழுதிக்காட்டியது. எது கெட்டது, எது தப்பியது என்று பார்க்க வேண்டுமானால் ஒவ்வொன்றாகக் கேட்டாக வேண்டும். வேறு வழியில்லாமல் ஸ்பீக்கரைப் போட்டான். முதலில் நாடா அறுந்த அந்தக் கேசட்டைத்தான் போட்டுப் பார்த்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். இங்கன எல்லாரும்..." கர்ரென்று ஒரு சத்தம். "...மழ பேஞ்சு திராட்சையெல்லாம்..." மறுபடி ஒன்றுமில்லை. "...சானியாவுக்கு..." அதோடு வெறும் கரகரப்பு.

ரெஹானா கதவருகே வந்து நின்றாள். கையில் மருதாணிக் கூம்பு இருந்தது. கல்யாண வீடுகளுக்கு மருதாணி போட்டுவிடப் போகிறவள் அவள், அந்த ஊரில் அவள் கைக்குப் பேர் உண்டு.

"கெடுத்துப்புட்டேன். அவசரப்பட்டு வேகத்தக் கூட்டிக் கெடுத்துப்புட்டேன்" என்றான் முஜிபுர். "இதுல கேசட்டும் போச்சு. சானியாவுக்கு என்னன்னு சொல்ல வந்த?"

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "திரும்பப் போடுங்க."

திரும்பப் போட்டான். கரகரப்பு வந்த இடத்தில் அவள் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"அங்கன, சானியாவுக்குப் பல்லு மொளச்சிருச்சு, நல்லா வெளாடுறான்னு சொல்லிருப்பேன்."

"இருப்பேன்னா?"

"அப்ப அவளுக்கு டைபாய்டு. தேனி ஆஸ்பத்திரியில சேத்திருந்தோம். நான்தான் கூட இருந்தேன். பக்கத்துப் பெட்டுக்காரவுக ரெகார்டர் கொண்டாந்திருந்தாக. அத வாங்கித்தான் பேசுனேன். உங்களுக்குச் சொன்னா அங்கன ஒத்தையில ஒக்காந்து என்ன செய்வீக? அதான் பல்லு, வெளாட்டுன்னு சொன்னேன்."

முஜிபுர் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியவே தெரியாதே" என்றான்.

"தெரியக் கூடாதுன்னுதான."

அவன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டான். "நானும் ஒத்தையில ஒக்காந்து கேக்கல ரெஹானா. ரூம்ல எட்டுப் பேரு. ஒரே ரெகார்டர். உன் கேசட்டு வந்தா எல்லாரும் சுத்தி ஒக்காந்துருவாக. குஞ்ஞுமோன்னு ஒரு மலையாளத்துக்காரன், டீ போட்டு வச்சுட்டு, ரெஹானா எந்து பறஞ்ஞு, அதாவது என்ன சொன்னான்னு கேப்பான்."

"எட்டுப் பேருமா கேட்டாக?" ரெஹானா எழுந்தே விட்டாள். "நான் என்னென்னமோ பேசியிருக்கேனே! அல்லாவே, ஒங்களுக்கு வெக்கமே இல்லையா?"

"அவுக வீட்டுக் கேசட்டயும் நான் கேப்பேன்ல."

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவள் திட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் நிறுத்தியதை மறுபடி ஓடவிட்டான். கரகரப்பு ஓய்ந்து, அவள் பேச்சு முடிந்த இடத்தில் 'டக்' என்று ஒரு ஓசை கேட்டது. அதன் பின், அவள் பதியாமல் விட்ட மிச்ச நாடாவிலிருந்து, ஒரு ஆண் குரல் பாதி வாக்கியத்தில் தொடங்கியது. "...அதயும் வாங்கி வையி, வீட்டுக்கு ஓடு மாத்திரு, அத்தாவக் கேட்டேன்னு சொல்லு, நேரமாச்சு, வக்கிறேன், வக்கிறேன்."

முஜிபுருக்கு அது தன் குரல் என்று புரியவே சற்று நேரமானது.

"எப்பவும் இப்படித்தான் பேசுவீக. ஓடுற பஸ்ஸுல தொத்துற மாதிரி. பேசி முடிச்சதும் எனக்குத்தான் மூச்சு வாங்கும்" என்றாள் ரெஹானா.

அன்றிலிருந்து மதியத்து லுஹர் தொழுகை முடிந்து சானியா பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள், கம்ப்யூட்டரில் கெட்டுப்போன பதிவுகளை இருவரும் சேர்ந்து கேட்டார்கள். அவள் குரல் அறுந்த இடங்களில் அவள் நிறுத்தச் சொல்லி, அன்றைக்கு நடந்ததைச் சொல்வாள். சொன்னதையும் சொல்வாள், சொல்லாமல் விட்டதையும் சொல்வாள். சில இடங்களில், "இதுல என்ன சொன்னேன்னு எனக்கே தெரியல, விடுங்க" என்பாள். அவனும் தன் பக்கத்துக் கதையைச் சொல்வான். முழுசாக இருந்த பதிவுகளில் அவர்களுக்கு அத்தனை பேச்சு வரவில்லை.

ஏன் கெட்டது என்பதை அவன் அஷ்ரப்பின் சென்டரில் உட்கார்ந்து, இன்டர்நெட்டில் எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டான். அந்த ஜம்பரை மாற்றினால் பிராசசர் மட்டும் வேகமாக ஓடுவதில்லை. அதோடு சேர்ந்து ஹார்டு டிஸ்க்குக்குப் போகிற வழியும் வேகம் பிடித்துவிடும். பிராசசர் தாங்கிக்கொண்டது, ஹார்டு டிஸ்க் தாங்கவில்லை. ஆனால் வேகத்தை ஒரேயடியாக நானூற்றைம்பதுக்கு ஏற்றினால், மதர்போர்டு மற்ற வழிகளைத் தானாகப் பழைய அளவுக்குக் குறைத்துவிடும். அதற்கு ஜம்பர் போதாது. பிராசசரின் பற்களில் ஒன்றை மட்டும் மின்சாரம் படாதபடி மூட வேண்டும். டேப் ஒட்டலாம், இல்லாவிட்டால் நகப் பாலிஷ் தடவலாம் என்று எழுதியிருந்தது.

டேப் ஒட்டிப் பார்த்தான். ஸ்லாட்டில் செருகும்போது சுருண்டுகொண்டது. ரெஹானா பீரோவைத் திறந்து ஒரு குட்டிப் பாட்டிலை எடுத்து வந்தாள். அவன் முதல் லீவில் வாங்கி வந்த நகப் பாலிஷ். அதைப் பூசினால் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது தண்ணீர் நகத்தில் படாதே என்று அவள் அதை ஒருநாளும் திறக்கவில்லை. அடியில் கொஞ்சம் இன்னும் ஈரமாக இருந்தது.

"எது?" என்று கேட்டாள்.

அவன் ஊசி முனையால் தொட்டுக் காட்டினான். பற்கள் ஒவ்வொன்றும் அரிசி அகலம்கூட இல்லை. முஜிபுரின் கைகள் மறை கழற்றியே தடித்துப்போனவை, அதற்கு ஆகாது. ரெஹானா ஈர்க்குச்சியின் நுனியில் பாலிஷைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு பல்லில் மட்டும் இழுத்தாள். பக்கத்துப் பல்லில் படவில்லை. காய வைத்து, ஜம்பரைப் பழைய முள்ளுக்கு மாற்றி, பிராசசரைச் செருகி சுவிட்சைப் போட்டார்கள். திரையில் நானூற்றைம்பது என்று வந்தது. முஜிபுர் இந்தத் தடவை சத்தம் போட்டுச் சிரித்தான்.

சித்திரை வெயிலில் அது சூடேறி அடிக்கடி நின்றது. சுருளியாண்டி பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு அலுமினியத் தகட்டைக் கழற்றிக் கொடுத்தார். அதைப் பிராசசரோடு சேர்த்துக் கட்டி ஃபேனைத் திருப்பி வைத்ததும் அடங்கியது. ஹார்டு டிஸ்க்கைச் சுத்தம் செய்து, நாடா நல்லபடியாக இருந்த கேசட்டுகளை மறுபடி ஏற்றினான். அறுந்த கேசட்டு மட்டும் கரகரப்போடு அப்படியே இருந்தது.

அதே வருடம் சுருளியாண்டி தன் கடையில் பாதி மேசையை முஜிபுருக்கு ஒதுக்கினார். மாட்டித் தரச் சொல்லி ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டு வந்தார்கள். சின்னமனூர் டியூஷன் சென்டருக்கும், மேகமலை எஸ்டேட் ஆபீஸுக்கும் பழைய பாகங்களில் அவன் மாட்டிக் கொடுத்தான். ஒன்றிலும் வேகத்தைக் கூட்டவில்லை. அடுத்தவர் டிஸ்க்கில் என்ன இருக்கிறதோ என்று பயம்.

2007-இல் பழைய முதலாளியிடமிருந்து கடைக்குப் போன் வந்தது. அஜ்மானில் புதுக் கோடவுன் திறக்கிறார், விசா தயார், எப்போது வருகிறாய் என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தான். முதல் தடவை போனபோது அவன் அத்தாவும் ரெஹானாவின் அத்தாவுமாக இரண்டு தகப்பன்மாரும் பேசி முடிவு செய்தார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

அவள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னான்.

"என்னையவா கேக்குறீக?"

"ஆமா."

கையிலிருந்த சேலையை உதறிப் போட்டு, நாலு முனையையும் நீவிவிட்டு, பிறகு சொன்னாள். "போனா நல்லாத்தான் இருக்கும். சானியா படிப்பு இருக்கு, வீடு இருக்கு. அது எனக்கும் தெரியும். ஆனா நீங்க இங்கன இருங்க. எனக்கு அதான் வேணும்."

முஜிபுர் கிளிப்புகளை எடுத்து அவளிடம் நீட்டினான். பிறகு போன் பூத்துக்குப் போய் முதலாளிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, அப்படியே கடைக்கு நடந்தான். மேசையில் ராயப்பன்பட்டிக்காரர் ஒருவரின் கம்ப்யூட்டர் பிரித்துக் கிடந்தது.