இரண்டு மில்லிமீட்டர் சிரிப்பைப் பார்க்க 870 கிலோமீட்டர்

உலகெங்கும் வாழும் தமிழ்ப் பெருமக்களுக்குக் கனத்த இதயத்துடன் அறியத் தருவது: சிட்னி, பென்டில் ஹில்லைச் சேர்ந்த எங்கள் காரின் இடது பக்கச் சிக்னல் விளக்கு, கடந்த செவ்வாய்க்கிழமை காலை 5.10க்கு, வாசலைத் தாண்ட முன்பே காலமானது. காருக்கும் எனக்கும் ஒரே பக்கம்தான் வேலை செய்யவில்லை. குடும்ப ஒற்றுமை என்பது இதுதான்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: எனக்குப் பதினாறு வயது. பன்னிரண்டு வயதில் காதுக்குப் பின்னாலிருந்த கட்டியை எடுத்தபோது முக நரம்பும் கூடவே போய்விட்டது. அன்றிலிருந்து இடது கன்னம் லீவில் நிற்கிறது. எட்டு மாதங்களுக்கு முன் மெல்பேர்ணில் ஒப்பரேசன் செய்தார்கள். தொடையிலிருந்து ஒரு துண்டுத் தசையை எடுத்துக் கன்னத்தில் வைத்து, மெல்லுவதற்கான நரம்போடு பொருத்தினார்கள். பல்லைக் கடித்தால் உதட்டோரம் மேலே போகவேண்டும். அதாவது என் தொடை சிரிக்கவேண்டும். சிரிக்கிறதா என்று டொக்டர் பார்ப்பதற்குத்தான் இந்தப் பயணம். இதே காரணத்துக்காகப் போகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவட்டும்.

கண்ணாடி முன் நின்று பல்லைக் கடிக்கும் பயிற்சி, நாளுக்கு மூன்று தரம். ஒவ்வொரு தரமும் அட்டவணையில் ஒரு சரி போடவேண்டும். என்னுடையதில் ஒரு கட்டமும் வெறுமையில்லை. என் ஹோம்வேர்க் புத்தகங்களில் இப்படியொரு ஒழுங்கை எந்த ரீச்சரும் கண்டதில்லை.

விமானம் என்றால் ஒன்றரை மணித்தியாலம்தான். ஆனால் பக்கத்துச் சீட்டுக்காரர் அவ்வளவு நேரமும் என் முகத்தைப் பார்க்காமலிருக்கப் பாடுபடுவார். பாவம். அதனால் கார். கோல்பர்ன் வரை 180 கிலோமீட்டரும் இடது ஜன்னலால் கையை நீட்டி நானே சிக்னலாக வேலை பார்த்தேன்.

"கையை உள்ள எடடா, லொறி வருது!"

"அப்பா, சிக்னல் கதைக்காது."

கோல்பர்ன் கராஜில் புதுப் பல்பு பதினொரு டொலர். ஐந்து நிமிடத்தில் இடது பக்கம் கண் சிமிட்டியது. கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

10.15க்குப் பாதி வழியில் குண்டகாய் என்ற ஊர். அம்மா கட்டித் தந்த சோற்றுப் பார்சலை மரங்களைப் பார்த்தபடி சாப்பிட்டேன். என் இடது வாயோரத்தால் பருப்பு வழிவதை மரங்கள் கண்டுகொள்வதில்லை. அப்பா முகம் கழுவி, அம்மாவுக்குப் போன் எடுத்துவர இருபது நிமிடம் ஆனது. நான் காரிலேயே இருந்தேன்.

மாலை 4.30க்கு மெல்பேர்ண் ஓரத்து டண்டினோங்கில், அப்பாவுக்குத் தெரிந்த ஓர் அன்ரி வீடு. வாசலிலேயே கேட்டார்: "எங்க தம்பி, ஒருக்காச் சிரி பாப்பம்."

"நாளைக்குத்தான் அப்பொயின்ட்மென்ட், அன்ரி. இண்டைக்குக் கடை பூட்டு."

அன்ரிதான் சிரித்தார். அப்பா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் 9.30. டொக்டர் பல்லைக் கடிக்கச் சொல்லி, சின்ன அடிமட்டத்தால் அளந்தார். மறுபடியும் கடிக்கச் சொன்னார். மறுபடியும் அளந்தார். உதட்டோரம் மேலே போனது இரண்டு மில்லிமீட்டர். பிறகு அட்டவணையைப் புரட்டினார். இவ்வளவு ஒழுங்காகச் செய்தும் எட்டு மாதத்தில் இவ்வளவுதான் என்றால், இதற்குமேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது என்றார். நான்கு மாதம் பொறுத்து இன்னொரு ஒப்பரேசன் பற்றிப் பேசலாம், அல்லது இதோடு விடலாம். மெதுவாகத்தான் சொன்னார்.

கார் பார்க்கில் இரண்டு மணித்தியாலத்துக்கு 22 டொலர். அதில் அரை மணித்தியாலம் அப்பா காரை ஸ்டார்ட் பண்ணவேயில்லை.

"உன்னில ஒரு பிழையும் இல்லையடா," என்றார். "நீ உன்ர பங்கை வடிவாச் செய்தனி. இனி நாங்கள் என்ன செய்யிறது?"

நான் சீட் பெல்ட்டைப் போட்டேன்.

அப்பா எங்கள் விசாக் கடிதம் முதல் தடுப்பூசித் துண்டு வரை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைலில் வைப்பவர். அட்டவணையையும் உறையில் போட்டார். அதற்கு முன் படமெடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் அனுப்பினார்: "பிள்ளை ஒரு நாளும் விடேல்லை." பெரியப்பா கும்பிடும் கை போட்டிருந்தார். திரும்பி வர ஒன்பது மணித்தியாலம் நாற்பது நிமிடம்.

போகிறவர்களுக்கு: கிளம்ப முன் சிக்னலைப் பாருங்கள். பெற்றோல் போக வர 190 டொலர். ஓரங்களில் கங்காரு நிற்கும், வெளிச்சம் வந்தபிறகு கார் ஓடுங்கள். அட்டவணையை உண்மையாக நிரப்புங்கள்.

என்னுடையதில் முதல் மூன்று கிழமைச் சரிகள் மட்டும்தான் உண்மை. எத்தனை தரம் கடித்தும் கண்ணாடியில் ஒன்றும் அசையவில்லை. இருபத்திரண்டாம் நாள் என் அறைக் கண்ணாடிக்கு மேல் துவாயைப் போட்டேன். அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது. மிச்சச் சரிகள் அறுநூற்றுச் சொச்சம். குண்டகாயில் அந்த இருபது நிமிடத்தில், சந்தேகம் வராமலிருக்க மூன்று நிறப் பேனாவால் போட்டேன். அசடு வழிகிறது, எனக்கு எது வழிந்தாலும் இடது பக்கத்தால்தான். இனிச் செய்தால் அந்த இரண்டு மில்லிமீட்டர் கூடுமா, செய்திருந்தாலும் கூடியிருக்காதா என்று டொக்டருக்கும் தெரியாது. அவரிடம் இருப்பது என் பொய்.

இதை இங்கிலிசில் எழுதியிருந்தால் பாதி நேரத்தில் முடித்திருப்பேன். ஆனால் நான் தமிழில் எழுதுவதைத்தான் அப்பா பிரின்ட் எடுத்து உறையில் போடுவார்.

அப்பா, இதை அட்டவணைக்கு முன்னால வையுங்கோ.