முப்பத்து நான்காவது கையெழுத்து

கர்க்கடகம் 19, செவ்வாய். பாறசாலைக் கிளை. காலை ஒன்பதரைக்குப் பரிசோதனை தொடங்கியது. மாதிரிக் கையெழுத்தோடு பொருந்தாத பணமெடுப்புச் சீட்டுகள்: முப்பத்து நான்கு. அனைத்தையும் அனுமதித்தவர்: காஷியர். ஊர்வலம் காரணமாகப் பகல் பன்னிரண்டு மணி முதல் கால் மணி நேரம் கதவு சாத்தப்பட்டது.

கர்க்கடகம் 22, வெள்ளி. அதே கிளை. கணக்குதாரர்களில் முப்பத்து மூவர் நேரில் வந்து உறுதி செய்தனர். ஒருவர் வரவில்லை.

கர்க்கடகம் 23, சனி. அறிக்கை தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது.

என் பரிசோதனைக் குறிப்பேட்டில் உள்ளதை, மலையாள மாதப் பெயரோடு, அப்படியே எடுத்தெழுதியிருக்கிறேன். இதில் ஒரு வரியும் பொய்யில்லை. அந்தக் காஷியர் என் நண்பன். போன மாதம் இறந்துபோனான்.

இன்று என் பேரன் ஒரு நிதி நிறுவனத்தில் கம்ப்ளையன்ஸ் டீம் லீடராக இருக்கிறான். தன் வேலை என்னவென்று எனக்கு விளக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டான். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டக் காலத்தில் ஒரு சிறிய தனியார் வங்கியில் நான் செய்ததும் அதே வேலைதான். அப்போது அதற்கு விதிப் பரிசோதனை என்று பெயர். கிளைகள் விதிப்புத்தகத்தின்படி நடக்கின்றனவா என்று பார்க்கும் அணிக்கு நான் தலைவன். அணியில் இருவர். ஒருவர் பரிசோதனை நேரம் முழுவதையும் வெற்றிலைக்கு அர்ப்பணித்தவர். மற்றவருக்குக் காது மந்தம். எந்த மேனேஜராலும் அவரிடம் ரகசியமாகச் சிபாரிசு செய்ய முடியாது என்பதே அவருடைய ஒரே தகுதி. நான் வரலாற்றில் ஆனர்ஸ் பட்டம் பெற்றவன். சாம்ராஜ்யங்களின் வீழ்ச்சியைப் படித்துவிட்டு, ரப்பர் முத்திரை நேராகக் குத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விதி 41: கையெழுத்து, கணக்கு தொடங்கும்போது இட்ட மாதிரியோடு பொருந்த வேண்டும். எளிய விதி. ஆனால் அதை எழுதியவர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. பாறசாலையிலும் வெள்ளறடையிலும் ஆட்கள் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தார்கள். வீட்டில் தமிழில் சண்டை போட்டார்கள். வங்கி ஓர் அலுவலகம் என்பதால் கணக்கு தொடங்கும்போது மலையாளத்தில் கையெழுத்திட்டார்கள். அதைப் பற்றி ஒருவரும் யோசித்ததில்லை. பிறகு போராட்டம் வந்தது. ஒரு கூட்டத்தில் யாரோ ஒரு பேச்சாளர், சொந்தப் பெயரையாவது சொந்த மொழியில் எழுதுங்கள் என்று முழங்கிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் கிளையில் கையெழுத்துகள் தமிழாயின. மறியலுக்குப் போகத் துணியாதவர்கள்கூட வங்கிக்கு வந்து பத்து ரூபாய் எடுத்துப் போராட்டத்தில் கலந்துகொண்டார்கள். மிஷன் சபையின் உபதேசியார் ஒருவர் பாறசாலையில் தமிழிலும் நெய்யாற்றின்கரையில் மலையாளத்திலும் கையெழுத்திட்டார். நடுவில் பஸ்ஸில் எந்த இடத்தில் மாறுவார் என்பது தெரியவில்லை.

விதிப்படி இந்தச் சீட்டுகளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். என் நண்பன் திருப்பவில்லை. ஒவ்வொரு சீட்டின் ஓரத்திலும் "ஆளை அறிவேன்" என்று எழுதித் தன் சுருக்கொப்பத்தை இட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டான். அதையும் தமிழில் எழுதியிருந்தான்.

செவ்வாய்க்கிழமை அந்தச் சீட்டுகளை என் முன்னால் அடுக்கிவிட்டு, அணியினர் கேட்கும்படி, "சார், வேற ஏதாவது வேணுமா?" என்றான். கல்லூரி நாட்களில் நான்கு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். என் சட்டையை என்னிடம் கேட்காமலே போட்டுக்கொண்டு போனவன். பகலில் ஊர்வலம் வந்து மேனேஜர் கதவைச் சாத்தச் சொன்னதும், நாங்கள் இருவரும் பின்வாசல் வழியாகச் சாயாக்கடைக்குப் போனோம்.

"எலே, இது என்ன வேலை? விதி தெரியாதா உனக்கு?"

"விதி தெரியும். ஆளையும் தெரியும். ரெண்டுல எது முக்கியம்னு புஸ்தகத்துல இல்ல, கேட்டியா."

"எல்லாத்தையும் நான் எழுதணும்."

"எழுது. நீ எழுதினா நான் வீட்டில இருக்க வேண்டியதாக்கும்."

"எழுதாட்டி?"

"நீ வீட்டில இருக்க வேண்டியதாக்கும். உனக்கு வீட்டில இருக்கத் தெரியாது மக்கா. நான் பழகிக்கிடுவேன்."

சிரித்தான். அவன் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். என் சட்டைப்பையில் மேலாண்மை இயக்குநரின் கடிதம் ஒன்று இருந்தது. அவர் தும்மினால்கூட அதற்கு ஒரு சுற்றறிக்கை வரும். இதை மட்டும் எண்ணிடாமல் தன் கையால் எழுதியிருந்தார். பாறசாலைக் காஷியர் போராட்டக்காரர்களுக்கு வேண்டியவர் என்று கேள்வி. தவறு ஏதேனும் நிலுவையில் இருந்தால் தெரிவிக்கவும். நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் இரண்டாவது சாயா சொன்னான்.

வழி ஒன்று இருந்தது. பொருந்தாத சீட்டுக்குரிய கணக்குதாரர் நேரில் வந்து, பழைய மாதிரியின்படி மீண்டும் கையெழுத்திட்டால் குறை தீர்ந்துவிடும். ஆனால் பழைய மாதிரி மலையாளம். ஊரே தமிழென்று கொதித்துக்கொண்டிருக்கும்போது முப்பத்து நான்கு பேரை அழைத்து, தயவுசெய்து மலையாளத்தில் எழுதுங்கள் என்று கேட்க வேண்டும். அவன் இரண்டு நாள் சைக்கிளில் சுற்றினான்.

வெள்ளிக்கிழமை மழையில் வந்தார்கள். நான் எதிர்பார்க்கவில்லை. குன்னத்துகாலிலிருந்து வந்த மரச்சீனிக் கிழங்கு வியாபாரம் செய்யும் ஒரு பெண், பேனாவை வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பத்து வருசமா இவன் என்னப் பாக்கான். நீரு யாரு?"

"பரிசோதனை அதிகாரி, அம்மா. பதிவில் உங்கள் கையெழுத்து மலையாளத்தில் உண்டு."

"அது அப்பம், இது இப்பம். ஆளு ஒண்ணுதான் ஆக்கும்." நண்பன் பக்கம் திரும்பினார். "ஒரு தடவைக்காக்கும் மக்கா. உனக்கு வேண்டி. திங்கக்கிழமை வாறேன், தமிழ்லதான் எழுதுவேன். அன்னைக்கு இந்த ஆள இங்க நிறுத்தாத."

உபதேசியார் எழுதிவிட்டுப் பெருமூச்சு விட்டார். "கர்த்தர் இதப் பாத்தா என்ன நினைப்பாரோ?"

"கர்த்தர்கிட்ட மாதிரிக் கையெழுத்து இல்லல்லா" என்றான் நண்பன்.

காது மந்தமான என் உதவியாளர்கூடச் சிரித்தார். மாலை நான்கு மணிக்குள் முப்பத்து மூன்று சீட்டுகள் சரியாயின. முப்பத்து நான்காவது கணக்குதாரர் வெள்ளறடைக்காரர். மறியலில் பிடிபட்டு லாக்கப்பில் இருந்தார்.

அதற்கும் ஒரு விதி உண்டு. விதி 43: கணக்குதாரர் வர இயலாதபோது, அவரை நேரில் அறிந்த வங்கி அதிகாரி ஒருவர் சீட்டின் பின்புறம் அவ்வாறு எழுதிக் கையொப்பமிடலாம். காஷியர் அதிகாரி அல்ல. அதனால் அவன் ஓரத்தில் எழுதியது செல்லாது. மேனேஜர் அதிகாரிதான், கோட்டயத்திலிருந்து மாற்றலாகி இரண்டு மாதம்கூட ஆகாததால் யாரையும் அறியாதவர். நான் அதிகாரி. வெள்ளறடைக்காரரை அறிவேன். என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர் அவர். கூலியைக் குறைத்து வாங்கிக்கொண்டு, வாழைமரம் இரண்டை அதிகமாகவே கட்டியவர்.

நண்பன் அந்தச் சீட்டை என் மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றான். லாக்கப்பில் இருக்கும் ஒரு போராட்டக்காரருடைய பெயரின் அருகில் என் பெயர் இருப்பதை மேலாண்மை இயக்குநர் பார்ப்பார் என்று நினைத்தேன். நானும் தமிழன் என்பது அவருக்குத் தெரியும். பேனாவை மூடினேன். "ஒன்று நிலுவை" என்று அறிக்கையில் எழுதினேன். வங்கிக்கு அந்த ஒன்று போதுமாயிருந்தது.

அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். குழந்தை பிறந்தபோது அவர்கள் குன்னத்துகாலில் மனைவி வீட்டின் பின்கட்டில் இருந்தார்கள். இரண்டு வருடம் கஷ்டம். பிறகு ரப்பர் ஷீட் வியாபாரத்தில் இறங்கி, என்னைவிட நன்றாகவே வாழ்ந்தான். இது என் குற்றத்தைக் குறைக்கும் என்று பல வருடம் காத்திருந்தேன், குறையவில்லை. எல்லைக் கோடு எங்களைத் தாண்டித் தெற்கே போய் விழுந்தது. நாங்கள் கேரளமானோம். எனக்குப் பதவி உயர்வு வந்தது. சில வருடங்களில் வங்கியே வேறொன்றில் கரைந்து காணாமல் போனது. யாருக்குப் பயந்து பேனாவை மூடினேனோ, அந்த மேலாண்மை இயக்குநரின் இரங்கல் கூட்டத்தில் வடை நன்றாக இருந்தது என்பதைத் தவிர வேறெதுவும் நினைவில்லை.

விதி 43 அவனுக்குத் தெரியுமா? காஷியர்கள் விதிப்புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். வெள்ளறடைக்காரரை எனக்குத் தெரியும் என்பது அவனுக்கு நிச்சயம் தெரியும். என் கல்யாணப் பந்தலில் இலை போட்டவன் அவன். எத்தனையோ வருடம் பழகியும் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

கடைசியாக அவனைப் பார்க்கப் போனது சொல்லத்தான். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டேன். "அந்தப் பாறசாலைச் சமாச்சாரம்..." என்று தொடங்கினேன்.

"எலே, நீ இன்னும் பரிசோதனை முடிக்கல்லியா?" என்றான். இருமலும் சிரிப்புமாக வந்தது. "செத்தாலும் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதாசு அனுப்புவ."

அவன் மனைவி மருந்தோடு உள்ளே வந்தார். "அண்ணன் வந்தாத்தான் இவரு இப்படிச் சிரிக்காரு" என்றார். நான் எழுந்துகொண்டேன். பத்தாம் நாள் தகவல் வந்தது.

செய்யாமல் விட்டவை:

1. குன்னத்துகாலுக்குப் போய், விதி 43 என்ன சொன்னது, நான் என்ன செய்யவில்லை என்பதை அவன் மனைவியிடம் சொல்வது. அவர் தேநீர் கொண்டுவரும் முன்பே சொல்லிவிடுவது.

2. அன்று எட்டு மாதமாக வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது பேரப்பிள்ளைகள் உள்ள பெண்மணி. அவரிடமும் தனியாகச் சொல்வது.

3. வெள்ளறடைக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிப்பது. இருந்தால், அவரை எனக்குத் தெரியும் என்று சொல்வது.

4. இவற்றையெல்லாம் மழை நின்றதும் செய்வதாகப் போன வாரம் முடிவு செய்தேன். முந்தாநாளே மழை நின்றுவிட்டது.